பச்சைக் கல்லா, சூளைக் கல்லா: மலையில் சுவருக்கு எது தாங்கும்?

பழனி மலையில் தாண்டிக்குடி பக்கம் காப்பிக் கொட்டை வைக்க ஒரு ஸ்டோர் ரூம் கட்ட வேண்டியிருந்தது. தோட்டத்து மண்ணையே அச்சில் அடித்து வெயிலில் காய வைக்கும் பச்சைக் கல்லா, கீழேயிருந்து லாரியில் ஏற்றி வரும் சூளைக் கல்லா என்ற கேள்வி வந்தபோது சூளைக் கல்லைத்தான் எடுத்தேன். செலவில் பச்சைக் கல்தான் ஜெயிக்கும்; மலையேறும் லாரி வாடகையே மிச்சம். வெப்பத்தைப் பிடித்து வைப்பதிலும் அது சளைத்ததில்லை. இதிலெல்லாம் பேச ஒன்றும் இல்லை.

பேச்செல்லாம் மழையைப் பற்றித்தான். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் நாள் கணக்கில் சுவரை அடிக்கும். அப்போது பச்சைக் கல் சுவர் ஓரமாகக் கரையும்; வருஷா வருஷம் பூச வேண்டும், கூரை விளிம்பை நீட்ட வேண்டும்.

“மலை வெயில்தான் சுள்ளென்று அடிக்கிறதே, கல்லைக் கெட்டியாக்க அது போதாதா?” என்பார்கள். உயரத்தில் புற ஊதாக் கதிர் கூடுதல்தான், தோல் கறுக்கும். ஆனால் எந்த வெயிலிலும் சுவர் நூறு டிகிரியைத் தொடாது. வெயில் விரட்டுவது களிமண் துகள்களுக்கு இடையே நிற்கும் ஈரத்தை மட்டும். அந்த ஈரம் திரும்பி வந்தால் கல் மறுபடி சேறுதான். மலைச் செம்மண்ணில் அதிகம் இருக்கும் கயோலினைட் என்ற களிமக் கனிமம், தன் கட்டமைப்புக்குள்ளேயே ஹைட்ராக்சிலாக (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடியாக) பூட்டி வைத்திருக்கும் நீரை வெளியே விட ஏறக்குறைய 450 முதல் 600 டிகிரி வரை வேண்டும். அப்போது அதன் எடையில் 14 சதவீதம் நீராவியாகப் போய், அடுக்குகள் குலைந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு ஊறினாலும் பிசையும் மண்ணாகாது. 900-ஐத் தாண்டினால் துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்ட ஆரம்பிக்கும். தாண்டிக்குடியில் தோண்டி எடுத்த பெருங்கற்காலப் பானை ஓடுகள் இத்தனை மழைக்குப் பிறகும் ஓடாகவே இருந்ததற்கு இதுதான் காரணம்.

சூளைக் கல்லிலும் ஒரு பொறி உண்டு. நிறத்தை நம்பாதீர்கள். மஞ்சள் மண்ணில் இருக்கும் இரும்புக் கனிமம் 300 டிகிரி வாக்கிலேயே சிவந்துவிடும். கயோலினைட் அப்போது அசைந்துகூட இருக்காது. சூளையின் ஓரத்தில் அடுக்கிய கற்கள் இப்படிச் சிவப்பாக, அரைவேக்காடாக வரும். இரண்டு கற்களைத் தட்டிப் பாருங்கள், ‘கணீர்’ என்று கேட்க வேண்டும். ஒன்றை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் ஆணியால் கீறுங்கள். விழுது போல வழித்துக்கொண்டு வந்தால் லோடைத் திருப்பி அனுப்பலாம்.

  

சிமெண்ட் கொஞ்சம் கலந்து அழுத்திச் செய்யும் மண் கல் மூன்றாவது வழி. நம்முடைய கயோலினைட் மண் அவ்வளவாக உப்பாது என்பதால் அதற்கு ஒத்துவரும். ஆனால் நான் பார்த்த அப்படிப்பட்ட சுவர்கள் எல்லாம் இன்னும் புதுசு. அடித்துச் சொல்ல மாட்டேன். சாரல் படாத உள் தடுப்புக்கு மட்டும் பச்சைக் கல்லே வைத்தேன், அங்கே காசு கொட்ட அவசியமில்லை.