முகம் துடிப்பதற்கு எந்த ஸ்கேன்? சாதாரண எம்ஆர்ஐயும் மெல்லிய அடுக்கு எம்ஆர்ஐயும்

எனக்கு இடது கண்ணின் கீழ் இமையில்தான் துடிப்பு ஆரம்பித்தது. சில மாதங்களில் கன்னத்துக்கும் வாயோரத்துக்கும் இறங்கிவிட்டது. தூக்கத்தில்கூட நிற்கவில்லை. நரம்பியல் மருத்துவர் முகத்தைப் பார்த்தே ஹெமிஃபேஷியல் ஸ்பாசம், அதாவது முகத்தின் ஒரு பக்கத் தசைகள் தானாகத் துடிக்கும் நோய் என்று சொல்லிவிட்டார். இந்த நோயை உறுதிசெய்ய ஸ்கேன் தேவையில்லை. முகத் தசைகளை இயக்கும் ஏழாவது நரம்பு மூளைத்தண்டிலிருந்து வெளிவரும் இடத்தில் அதை எது அழுத்துகிறது என்று பார்க்கத்தான் ஸ்கேன் வேண்டும்.

சிடி ஸ்கேனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எலும்பையும் ரத்தக்கசிவையும் அது நன்றாகக் காட்டும். ஆனால் மூளைத்தண்டைச் சுற்றி இருப்பது தடித்த எலும்பு. அதனால் படத்தில் கோடுகள் விழுந்து, மெல்லிய நரம்பு அடையாளம் தெரியாமல் போய்விடும்.

நான் முதலில் எடுத்தது சாதாரண மூளை எம்ஆர்ஐ. ரிப்போர்ட்டில் எல்லாம் இயல்பு என்று எழுதியிருந்தது. துடிக்கிற முகத்தை வைத்துக்கொண்டு அதைப் படிப்பது எவ்வளவு வேதனை என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் அது வீண் போகவில்லை. நரம்பை அழுத்தும் அளவுக்குப் பெரிய கட்டி இல்லை, நரம்புகளின் உறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் நோயின் தழும்பும் இல்லை என்று தெரிந்தது. கட்டி இருக்குமோ என்ற சந்தேகம் வலுவாக இருந்தால் கட்டியைப் படத்தில் தெளிவாகக் காட்ட உதவும் கடோலினியம் மருந்து ஏற்றியும் படம் எடுப்பார்கள்.

இரண்டாவது ஸ்கேனுக்கு நான் போனதற்கு ஒரே காரணம் அடுக்கின் தடிமன். சாதாரண எம்ஆர்ஐ மூளையை ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டுகளாகப் பார்க்கிறது. துண்டுக்குத் துண்டு கொஞ்சம் இடைவெளியும் இருக்கும். ஏழாவது நரம்பை வழக்கமாக அழுத்துவது சிறுமூளைக்குப் போகும் தமனிகளில் ஒன்று. அதன் குறுக்களவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அது நரம்பின் மேல் ஒரு வளையம் போட்டுப் படுத்திருந்தால், அந்த வளையம் முழுவதும் ஒரே துண்டுக்குள் கரைந்து காணாமல் போய்விடும். ரேடியாலஜிஸ்ட் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும், படத்தில் பதியாததை அவர் எப்படிச் சொல்ல முடியும்?

மெல்லிய அடுக்கு எம்ஆர்ஐயில் ஒவ்வொரு துண்டும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு, நடுவில் இடைவெளி இல்லை. ஒரு கம்பெனி இயந்திரத்தில் இதற்கு சிஸ் என்று பெயர், இன்னொன்றில் ஃபியஸ்டா. மூளையைச் சுற்றியுள்ள நீர் வெள்ளை வெளேரென்று தெரியும், அதில் நரம்பும் ரத்தக்குழாயும் கறுப்புக் கோடுகளாக மிதக்கும். இரண்டுமே கறுப்பு என்பதுதான் இதிலுள்ள சிக்கல். எது நரம்பு, எது குழாய் என்று குழம்பும். அதனால் கூடவே ரத்த ஓட்டத்தைப் படமாக்கும் எம்ஆர்ஐ வகையான டிஓஎஃப் எம்ஆர் ஆஞ்சியோவும் எடுக்கச் சொன்னார்கள். அதில் வேகமாக ரத்தம் ஓடும் தமனி பளிச்சென்று தெரியும். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இடது நரம்பின் வேரில் ஒரு தமனி சாய்ந்து கிடந்தது எனக்கே புரிந்தது. ஊசி எதுவும் போடவில்லை. இயந்திரத்துக்குள் அசையாமல் படுத்திருப்பது ஒன்றுதான் சிரமம்.

இதிலும் குறை உண்டு. ரத்தம் மெதுவாக ஓடும் சிரை, டிஓஎஃப் படத்தில் சரியாகத் தெரியாது. அப்புறம், துடிப்பே இல்லாத பலருக்கும் நரம்பைக் குழாய் தொட்டுக்கொண்டிருப்பது ஸ்கேனில் தெரிவதுண்டு. எனவே படத்தில் தெரிவதும் முகத்தில் துடிக்கும் பக்கமும் ஒத்துப்போக வேண்டும். தொடையில் குழாய் விட்டுச் செய்யும் ஆஞ்சியோகிராம் நான் செய்துகொண்டதில்லை. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. அது ரத்தக்குழாயைக் காட்டுமே தவிர நரம்பைக் காட்டாது என்று மருத்துவர் சொன்னதால் விட்டுவிட்டேன்.

மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை துடிக்கும் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போட்டுக்கொண்டே காலம் தள்ளுவது என்று முடிவெடுத்தவருக்கு, கட்டி இல்லை என்று காட்டும் சாதாரண எம்ஆர்ஐயே போதும் என்று தோன்றுகிறது. குழாயை நரம்பிலிருந்து விலக்கி நடுவில் டெஃப்லான் பஞ்சு வைக்கும் அறுவை சிகிச்சையை யோசிப்பவர், மெல்லிய அடுக்குப் படம் இல்லாமல் பேச்சையே தொடங்க வேண்டாம். நான் இப்போதைக்கு ஊசியில்தான் இருக்கிறேன். அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்க நாள் குறித்திருக்கிறேன், அந்த இரண்டாவது ஸ்கேனின் படங்கள் உள்ள குறுந்தட்டு பையில் தயாராக இருக்கிறது.