என் மின்வாசிப்பானில் செங்கை ஆழியான் ‘அறியப்படாதவர்’

மின்னூல் வாசிக்கிற என் கருவி பற்றரி மாற்றி நேற்றுத்தான் கைக்கு வந்தது. அதே வாரத்தில் மருமகளும் கேட்டுவிட்டாள்: “மாமா, உங்களிடம் இருக்கிற அந்த மின்வாசிப்பானின் விலை குறைந்திருக்கிறதாம். நான் ஒன்று வாங்கட்டுமா?” அவள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். எல்லா வகை நாவல்களையும், அவற்றை எழுதியவர்களையும் தேடித் தேடி வாசிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அவளுக்குத் தொலைபேசியில் பாதி சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். திரையின் அளவு, கொள்ளளவு, எடை எல்லாம் எங்கும் கிடைக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்வதுதான் நியாயம். வாசிக்கிற பொருளாக இதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. 2022 மார்ச் மாதக் கடைசியில் நாட்டில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, வீட்டில் வெளிச்சம் தந்த ஒரே புத்தகம் இதுதான். ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் நிற்கும். பருத்தித்துறை பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு கையால் பக்கம் புரட்டலாம். உச்சி வெயிலிலும் எழுத்து மங்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மா. கண்ணில் வெண்படலம் படர்ந்து, பத்திரிகைத் தலைப்புக்கு மேல் எதையும் வாசிக்க முடியாமல் இருந்தவர். எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு பக்கத்தில் ஏழெட்டு வரி மட்டும் வருமாறு வைத்துக் கொடுத்தேன். மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிற கல்கியின் நாவல்களை ஒவ்வொன்றாக முடித்தார். மாலையில் விளக்கேற்றிய பிறகு அவர் வாசிக்கிற நேரத்தில் நான் அதைக் கேட்கவே முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே கருவியை மன்னித்திருக்கிறேன், பல தடவை.

நாவல்களைக் கண்டுபிடிக்க இது உதவுமா என்றால், அங்கேதான் என் பொறுமை போகிறது.

கருவியிலேயே மின்னூல் விற்கிற கடைப்பகுதியைத் திறந்தால் குற்றம், காதல், வரலாறு, குடும்பம் என்று வகை பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் ஒரு துப்பறியும் நாவலை ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரத்தில் வாசித்தேன் என்பதற்காக, அடுத்த பல மாதங்களுக்கு அதே ஆசிரியர், அதே மாதிரி அட்டை, அதே மாதிரித் தலைப்பு. வரலாற்று நாவல் ஒன்றைத் திறந்தால் சோழர் வந்து வாசலை மறித்துக்கொள்கிறார்கள். வன்னிக் காட்டைப் பற்றியோ நெடுந்தீவுக் கடலைப் பற்றியோ ஒரு நாவல் இருக்கலாம் என்று அந்தப் பரிந்துரை வரிசைக்கு ஒருநாளும் தோன்றவில்லை. வாங்கியவர்கள் எதை வாங்கினார்களோ அதையே திரும்பக் காட்டும் ஏற்பாடு அது. விற்பனைக்கே வராத புத்தகம் அதன் கண்ணில் எப்படிப் படும்?

ஆகவே நம்முடைய நாவல்களுக்கு நான் போகிற இடம் நூலகம் நிறுவனத்தின் இணையத்தளம். 2005 முதல் ஈழத்து நூல்களைப் பக்கம் பக்கமாக வருடி (ஸ்கான் செய்து), யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கூடியதாக வைத்திருக்கிறார்கள். அச்சில் இல்லாத, மறுபதிப்பே காணாத நாவல்கள் அங்கே கிடைக்கின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்களை எரியக் கொடுத்த ஊர்க்காரனுக்கு அந்த உழைப்பின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

அப்படி இறக்கிய ஒரு நாவலைக் கருவிக்குள் போடுங்கள். வீட்டுத் திரையில் வந்து நிற்கும். தலைப்பு என்ற இடத்தில் ஓர் எண். ஆசிரியர் என்ற இடத்தில், ஆங்கிலத்தில், ‘அறியப்படாதவர்’. அடுத்ததைப் போடுங்கள். அதுவும் அறியப்படாதவர். வாடைக்காற்று என்ற நாவலை எழுதியவர் அறியப்படாதவர். பஞ்சமர் எழுதியவர் அறியப்படாதவர். நிலக்கிளி எழுதியவரும் அவரே. முகப்புப் பக்கத்தைத் திறந்தால் பெயர் பெரிய எழுத்தில் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. ஆனால் வருடிய பக்கம் கருவிக்கு வெறும் படம். கோப்புக்குள் தனியாகப் பெயர் எழுதியிருந்தால்தான் அது பெயரென்று ஏற்கும். தொழில்நுட்பக் காரணம் எனக்கு விளங்குகிறது. கோபம் அதனால் குறையவில்லை. ‘ஆசிரியர்’ என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கலாமே. விரலால் தட்டி நாமே எழுத ஒரு வழி வைத்திருக்கலாமே. இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ தடவை மென்பொருளைப் புதுப்பித்தார்கள். கடையின் சாளரம் அழகானது, இது அப்படியே இருக்கிறது.

வழி ஒன்று உண்டு. கணினியில் காலிபர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஒவ்வொரு கோப்புக்கும் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்று நாமே நிரப்பி, பிறகு கருவிக்கு மாற்ற வேண்டும். செய்தேன். உடனே அடுத்த தொல்லை வந்தது. பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு அகரவரிசைப்படுத்துகிறது. வாடைக்காற்று எழுதிய செங்கை ஆழியான் ‘ஆ’வுக்குப் போய்விட்டார். நொறுங்குண்ட இருதயம் என்ற நாவலை 1914இல் எழுதிய மங்களநாயகம் தம்பையா, ஈழத்தின் முதல் பெண் நாவலாசிரியர், ‘தம்பையா’ என்று ‘த’ வரிசையில் நிற்கிறார். முதலெழுத்தோடு எழுதுகிற நம் வழக்கம் இந்தக் கருவியைச் செய்தவர்களுக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள அக்கறையும் இல்லை.

இன்னொன்று, ஆறு அங்குலத் திரையில் வருடிய பக்கம். எழுத்தைப் பெரிதாக்க முடியாது; பக்கத்தைத்தான் பெரிதாக்கலாம். பெரிதாக்கினால் வரியின் வால் வெளியே போய்விடும். திரையைக் குறுக்காகத் திருப்பி, ஓரங்களை வெட்டி, அரைப் பக்கம் அரைப் பக்கமாக வாசிக்கலாம். பழைய அச்சில் மை ஊறிய பக்கங்களில் ‘ர’வும் காலும் ஒன்றாகத் தெரியும். நான் சமாளித்துவிடுகிறேன். அம்மாவால் முடியாது. கல்கி வரைக்கும் வந்த அவரால், தன் ஊர்க் கதைக்கு வர முடியவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

ஆனால் பெயர் நிரப்புகிற வேலையால் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஆசிரியர் யார், எந்த ஆண்டு, எந்தப் பதிப்பகம் என்று தெரிய முகப்பு, முன்னுரை, பின்னட்டை எல்லாம் பார்க்க வேண்டியிருந்தது. நாவலுக்குள் மட்டும் போய் வந்திருந்தால் கிடைக்காத மனிதர்கள் அங்கே கிடைத்தார்கள். மலைக்கொழுந்து என்ற மலையகத் தோட்ட நாவலின் ‘நந்தி’ யார் என்று தேடினால், யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பேராசிரியராக இருந்த செ. சிவஞானசுந்தரம். செங்கை ஆழியானின் சொந்தப் பெயர் க. குணராசா. உயர்தரத்தில் புவியியல் படித்தவர்கள் பலர் அந்தப் பெயரைப் பாடநூல் அட்டையில் கண்டிருப்பார்கள். அது தெரிந்த பிறகு வாடைக்காற்றை மறுபடி எடுத்தேன். நெடுந்தீவுக் கரையில் காற்று திரும்புகிற பருவம், வலை, வாடி, கூழைக்கடாப் பறவை எல்லாம் ஏன் அவ்வளவு துல்லியமாக இருக்கின்றன என்று புரிந்தது. நிலத்தையும் காற்றையும் தொழிலாகப் படித்தவர் எழுதிய காதல் கதை அது. கடை வகைப்பாட்டில் அது எங்கே போகும்? காதலிலா, குடும்பத்திலா? கடல் நாவல் என்று ஒரு வகையை நானே உண்டாக்கினேன்.

அதே மனிதர் யாழ்ப்பாணத்து ஆச்சி ஒருத்தி பயணம் புறப்படுகிற நகைச்சுவைக் கதையும் எழுதியிருக்கிறார். அதை வாசிக்கக் கொடுத்தால் எவரும் முதலில் சிரிப்பார்கள், பிறகு தங்கள் ஆச்சியைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். ஓர் ஆசிரியரை ஒரு வகைக்குள் அடைக்கிற பட்டியல் இதை உங்களுக்குக் காட்டவே காட்டாது.

வீரகேசரிப் பத்திரிகையின் நூல் வெளியீடுகள் பற்றித் தெரிந்ததும் இப்படித்தான். 1970களில் இந்திய நூல்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், மலிவு விலையில் ஈழத்து நாவல்களைத் தொடர்ந்து கொண்டுவந்தார்கள். அ. பாலமனோகரனின் நிலக்கிளி 1973இல் வந்தது அந்த வரிசையில்தான். தண்ணிமுறிப்புக் காட்டோரத்தில் வளர்கிற பதஞ்சலி என்ற பெண்ணைப் போல வேறெந்த நாவலிலும் எனக்கு ஒருத்தி தென்படவில்லை. பழைய நாவல்களின் கடைசிப் பக்கங்களில் அதே பதிப்பகத்தின் ஏனைய நூல்களின் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். நான் நம்புகிற பரிந்துரைப் பட்டியல் அதுதான். வகை பார்த்துப் போட்டதல்ல. காட்டு நாவலுக்குக் கீழே மர்மக்கதை இருக்கும், அதற்குக் கீழே சாதியை எதிர்க்கிற நாவல் இருக்கும்.

கே. டானியலின் பஞ்சமரையும் ‘சமூக நாவல்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைவதற்கு ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் இந்தக் குடாநாட்டில் நடத்திய போராட்டம் அது. நாம் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற தெருக்களில் நடந்தது. அதை வாசித்த பிறகு சில சந்திகளைப் பழையபடி பார்க்க என்னால் முடியவில்லை.

பின்னோக்கிப் போகப் போக வகைகள் பெருகிக்கொண்டே போயின. ஈழத்தின் முதல் நாவல் என்று சொல்லப்படுகிற அசன்பேயுடைய கதையை, கண்டிச் சட்டத்தரணி சித்திலெவ்வை 1885இல் வெளியிட்டார். கதைநாயகன் பிறப்பது கெய்ரோவில், பிறகு பம்பாய், கல்கத்தா என்று ஓடுகிறது. முழுச் சாகசக் கதை! நம் நாவல் சமையலறையிலும் வேலிச் சண்டையிலும் தொடங்கியது என்று எண்ணுகிறவர்கள் அதைத் திறந்து பார்க்க வேண்டும். பத்து ஆண்டு கழித்து, 1895இல், திருகோணமலைக்காரரான த. சரவணமுத்துப்பிள்ளை மோகனாங்கியை எழுதினார். சென்னையில் வெளிவந்தது, நாயக்கர் காலக் கதை. தமிழின் முதல் வரலாற்று நாவலாகப் பலர் அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். கல்கியின் பார்த்திபன் கனவு தொடராக வரத் தொடங்கியது 1941இல். கருவியின் ‘வரலாறு’ பிரிவில் முதல் பெயர் எது என்று நீங்களே திறந்து பாருங்கள்.

இப்படி எழுதி நிரப்பிய பெயர்களையும், கருவியில் நானே உண்டாக்கிய ‘கடல்’, ‘காடு’, ‘துப்பு’, ‘சிரிப்பு’, ‘பழையது’ என்ற தொகுப்புகளையும் கொண்டுதான் பற்றரி திருத்தப் போனது. நகரத்தில் ஒரு திருத்தும் கடை. ஒட்டியிருந்த பின்பக்கத்தைச் சூடு காட்டிக் கழற்றி, கொழும்பிலிருந்து பற்றரி எடுப்பித்து, பொறுமையாகச் செய்து தந்தார் அந்தத் தம்பி. அவர் வேலையில் ஒரு கீறல் கூட இல்லை. ஆனால் திரும்ப உயிர் பெற்ற கருவி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கச் சொன்னது. பணம் கொடுத்து வாங்கிய புத்தகங்கள் எல்லாம் தாமாகவே, பெயரும் அட்டையுமாகத் திரும்பி வந்தன. நான் இறக்கிப் போட்டவை எதுவும் வரவில்லை. கணினியிலிருந்து மறுபடி ஏற்றினேன். தொகுப்புகள் போனது போனதுதான். நாமே போட்ட கோப்புகளின் தொகுப்பைச் சேமித்துவைக்க அதில் ஏற்பாடே இல்லை. பாதிக் கோப்புகளுக்கு மேல் மீண்டும் அதே வரி: அறியப்படாதவர்.

அதனால் மருமகளுக்கு என் பதில்: வாங்காதே. அம்மாவின் கையில் அந்தக் கருவி இருப்பதைப் பார்த்த எவரும் வாங்கு என்றுதான் சொல்வார்கள், நானே போன மாதம் வரை பலருக்கு அப்படித்தான் சொன்னேன். இன்றைக்குச் சொல்ல மனம் வரவில்லை. நீ புதிதாகத் தேடப் போகிறவள். தேடுகிற காலத்தில் உனக்கு வேண்டியது பெயர்களை மறைக்காத இடம். உன் போனில் நூலகத் தளத்தைத் திற. திரை சிறிதென்றாலும் முகப்புப் பக்கம் வண்ணத்தில் தெரியும். பொது நூலகத்தில் உறுப்பினராகு. உன் ஊர்ச் சனசமூக நிலையத்து அலமாரியின் அடித்தட்டையும் ஒருமுறை குனிந்து பார். மிச்சம் பிடிக்கிற பணத்தில் புதிய ஆட்களை அச்சில் வாங்கு. அல்லைப்பிட்டிக்காரரான ஷோபாசக்தியின் கொரில்லா நாவலிலிருந்து தொடங்கலாம். 2022இல் ரூபா சரிந்த பிறகு இந்தியப் பதிப்புகளின் விலை கையைக் கடிக்கிறது, தெரியும். ஒன்றிரண்டாக வாங்கு, சேர்ந்து வாசிக்க நாலு பேரைச் சேர்த்துக்கொள்.

பழைய நாவல்களின் பெயர்ப் பட்டியலை ஆசிரியர், ஆண்டு, பதிப்பகத்தோடு திரும்பவும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இந்த முறை கொப்பியில். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பார்த்து எழுதிக்கொண்டு போகலாம்.