நடனத்துக்கான நேரடி பேண்ட்: 17 பேரா, 10 பேரா?

உள்ளூர் இசைக்கலைஞர்களைத் திரட்டி, ஆடுவோருக்காக வாசிக்கும் பெரிய பேண்ட் ஒன்றை அமைக்க விரும்புவோர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. 5 சாக்ஸபோன், 4 ட்ரம்பெட், 4 ட்ராம்போன், பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ் என 17 பேர் கொண்ட முழு அணி முதலாவது. பியானோ முதல் டிரம்ஸ் வரையிலான நால்வர் ரிதம் பிரிவை அப்படியே வைத்துக்கொண்டு, 3 சாக்ஸபோன், 2 ட்ரம்பெட், 1 ட்ராம்போன் என ஊதுவோரை ஆறாகக் குறைக்கும் 10 பேர் அணி இரண்டாவது. எழுதிய இசை ஏடு இல்லாமல் செவிவழியே ஒத்திகையில் உருவாக்கிக்கொள்ளும் அணி மூன்றாவது.

முழு அணியின் ஒலிக்கு ஈடு இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். 1920களில் அமெரிக்க ஜாஸ் பேண்ட் தலைவர் ஃப்ளெட்சர் ஹெண்டர்சனின் குழுவுக்காக டான் ரெட்மன் செய்த இசைக்கோர்ப்புகளில், பித்தளைக் கருவிகள் (ட்ரம்பெட், ட்ராம்போன்) ஒரு வரியை எழுப்ப சாக்ஸபோன்கள் மறுவரி தொடுத்தன; அந்த உரையாடல் முழு வலிமையோடு கேட்பது, ஒவ்வொரு பிரிவும் தனியாகவே ஒரு முழு கார்டை (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டை) ஒலிக்கும்போதுதான். இந்த அளவுக்கு எழுதப்பட்ட இசை ஏடுகள் அச்சிலேயே ஏராளமாகக் கிடைப்பதும் பெரிய வசதி. ஆனால் வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே நேரம் ஒதுக்கி வருபவர்களை வைத்து நடத்தும் அணியில், 17 பேரும் ஒரே மாலையில் கூடுவது அரிது. மூன்றாம் ட்ரம்பெட் வராவிட்டால் ஒலி சற்றுக் குறையும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். உண்மையில், கார்டின் நிறத்தைத் தீர்மானிக்கும் மூன்றாம் சுரமோ ஏழாம் சுரமோ பெரும்பாலும் இத்தகைய நடுக்குரல்களிடமே இருக்கும். அவர் இல்லாத மாலையில் மேலே மெட்டும் கீழே பேஸும் கேட்க, நடுவே வெற்றிடம் தெரியும். ஆகவே 17 பேருக்கு எழுதியதை 12 பேர் வாசிப்பது, 12 பேருக்காகவே எழுதியதை வாசிப்பதற்கு ஒருபோதும் சமமாகாது.

10 பேர் அணியின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்த அளவுக்கென ஆயத்தமான ஏடுகள் குறைவு என்பதால், எழுதத் தெரிந்த ஒருவர் அணியிலேயே இருந்தாக வேண்டும். சாக்ஸபோன் வகைகளில் ஆல்ட்டோவையும் பாரிட்டோனையும் ஈ-ஃப்ளாட் சுருதிக்கும், டெனரையும், அதோடு ட்ரம்பெட்டையும் பி-ஃப்ளாட் சுருதிக்கும் மாற்றி எழுதுவது மென்பொருளுக்கு எளிது. ஆனால் பாரிட்டோன் சாக்ஸபோனை ஒரு வரியில் சாக்ஸபோன்களோடும் அடுத்த வரியில் ட்ராம்போனுக்குத் துணையாகவும் நிறுத்தலாம் என்று முடிவெடுப்பது காது உள்ள மனிதரின் வேலை. அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால், ஆறு பேர் ஊதும் ஒலி கேட்போரை வியக்கவைக்கும் அளவுக்கு நிறைவாக இருக்கும்.

செவிவழி அணிக்குப் பெருமைமிக்க முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் 9 பேராக வாசித்துவந்த ஜாஸ் பியானோ கலைஞர் கவுன்ட் பேஸியின் குழு, சிறு ரிஃப்களை (திரும்பத் திரும்ப வரும் குறுமெட்டுகளை) அடுக்கியே பாடல்களைக் கட்டியது. 1936இல் நியூயார்க் நோக்கிக் கிளம்பிய வேளையில்தான் அது விரிவாக்கப்பட்டது. ஆட்டக்களம் சூடாக இருந்தால் இன்னொரு சுற்று நீட்டிக்கொள்ளும் சுதந்திரம் ஆடுவோருக்குப் பெரும் வரம். ஆனால் பேஸியின் குழுவினர் அன்றாடம் சேர்ந்து வாசித்தவர்கள். வாரம் ஒருமுறை கூடும் அணிக்கு அந்த நினைவாற்றல் வாய்ப்பதில்லை. கடைசி நேரத்தில் அழைக்கப்படும் மாற்றுக் கலைஞரின் கையில் கொடுக்க ஏடும் இருக்காது.

எந்த வழியானாலும் வேகம் பிசகக் கூடாது. பால்ரூம் ஜோடி நடனம் ஆடுவோர் வால்ட்ஸ் நடனத்தை நிமிடத்துக்கு 28 முதல் 30 பார் (தாளக் கட்டம்), குயிக்ஸ்டெப் நடனத்தை 50 முதல் 52 பார் என்ற வேகத்தில் எதிர்பார்ப்பார்கள். ஆதலால் டிரம்ஸ், பேஸ் கலைஞர்களை முதலில் தேர்ந்து, அவர்கள் இருவரை மட்டும் வைத்தே சில ஒத்திகைகள் நடத்துவது நல்லது. டிரம்ஸில் காலால் மூடும் ஜோடித் தட்டான ஹை-ஹாட் இரண்டாம், நான்காம் அடிகளில் தளராமல் மூடும்போது பேஸின் நடை அதோடு ஒட்டிக்கொள்கிறதா என்பது நான்கு பாரிலேயே தெரிந்துவிடும்.

என் தேர்வு 10 பேர் அணிதான், அதுவும் எழுதிய ஏடுகளோடு. தனிவாசிப்புப் பகுதிகளை மட்டும் எத்தனை சுற்று என்ற எண்ணிக்கை குறிக்காமல் திறந்து விட்டு, பின்னணி ரிஃப்களைத் தலைவரின் கைச்சைகைக்கு ஒதுக்கினால், செவிவழி அணியின் நெகிழ்வும் கூடவே வந்துவிடும். ஆட்கள் சேரும்போது முதலில் இரண்டாம் ஆல்ட்டோவையும் இரண்டாம் டெனரையும் சேர்த்து சாக்ஸபோன் பிரிவை ஐந்தாக்கிவிட வேண்டும், அடுத்து ட்ராம்போன்கள். ட்ரம்பெட்டைப் பொறுத்தவரை, உச்ச சுரங்களை இரவு முழுவதும் உதடு தளராமல் தாங்கும் முதல் ட்ரம்பெட் கலைஞர் கிடைக்கும் வரை இரண்டோடு நிறுத்திக்கொள்வதே சரி.