டிடிஐயா, நோடியா? சிறு குழந்தையின் மூளை வளர்ச்சியை எதைக் கொண்டு அளப்பது

பிறந்த பின் முதல் இரண்டு ஆண்டுகளில் மூளை மாறும் வேகத்தை அது பிறகு ஒருபோதும் எட்டுவதில்லை. கத்தியும் கதிர்வீச்சும் இல்லாமல் அந்த மாற்றத்தைப் பின்தொடர உதவுகிறது டிஃப்யூஷன் எம்ஆர்ஐ. திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்பதை அது அளக்கிறது. நரம்பிழையின் நெடுக்கில் நீர் தாராளமாக நகரும், குறுக்கில் தடைபடும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அளந்ததை எந்தக் கணித மாதிரியைக் கொண்டு படிப்பது என்பதில்தான் போட்டி. பாசர், மட்டியெல்லோ, லெ பிகான் மூவரும் 1994இல் முன்வைத்த டிடிஐ (டிஃப்யூஷன் டென்சர் இமேஜிங்) ஒரு பக்கம். 2012இல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட நோடி (NODDI, நரம்பிழைகளின் அடர்த்தியையும் திசைச்சிதறலையும் கணிக்கும் மாதிரி) மறுபக்கம்.

டிடிஐ, படத்தின் ஒவ்வொரு நுண்கட்டத்திலும் நீரின் நகர்வை ஒற்றை முட்டை வடிவமாகச் சுருக்குகிறது. அதற்கு ஆறு எண்கள் போதும். கணக்குப்படி ஆறு திசைகளில் அளந்தாலே அவற்றைப் பெறலாம். நடைமுறையில் முப்பதோ அதற்கு மேலோ எடுப்பார்கள். ஆனாலும் சில நிமிடங்களில் வேலை முடிகிறது. சிறு குழந்தைகள் விஷயத்தில் இது பெரிய வரம். பச்சிளம் குழந்தைக்குப் பாலூட்டி, துணியில் சுற்றி, தானாகத் தூங்கவைத்துப் படமெடுக்கலாம். இரண்டு முதல் நான்கு வயதுதான் பெரும்பாடு: துணியில் சுற்றும் வயது தாண்டிவிட்டது, சொன்னால் அசையாமல் கிடக்கும் வயது வரவில்லை. ஆய்வுக்காக மட்டும் நலமான குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

டிடிஐ தரும் முக்கிய அளவு எஃப்ஏ (ஃப்ராக்ஷனல் அனிசோட்ரோபி). நகர்வு ஒரே திசையை எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பதை அது 0 முதல் 1 வரையிலான எண்ணாகச் சொல்கிறது. வயது ஏற ஏற, நரம்பிழைகள் நிறைந்த மூளைப் பகுதியான வெண்பொருளில் எஃப்ஏ உயர்கிறது. ஏன் உயர்கிறது என்று கேட்டால் டிடிஐயிடம் பதில் இல்லை. இழைகள் நெருங்கியிருக்கலாம், நேராகியிருக்கலாம், இழைகளைச் சுற்றும் கொழுப்பு உறையான மையலின் படிந்திருக்கலாம். வெண்பொருளின் பெரும்பகுதியில் இழைக்கட்டுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. அங்கே ஒரு கட்டு நன்றாக வளர்ந்தாலே எஃப்ஏ குறையக்கூடும். குறைப்பிரசவக் குழந்தைகளின் மூளைப் புறணியில் முதலில் உயர்ந்திருக்கும் எஃப்ஏ, நிறைமாதத்தை நெருங்கும்போது சரிகிறது. அது கேடல்ல, நரம்பணுக்கள் கிளைவிட்டுப் பரவுவதன் அடையாளம். இது தெரிந்தும் எஃப்ஏ குறைந்தாலே 'வெண்பொருள் சிதைவு' என்று எழுதும் கட்டுரைகள் பெற்றோரை வீணாகக் கலங்கடிக்கின்றன.

நோடி இந்த முடிச்சை அவிழ்க்க முயல்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் நீரையும் நரம்பிழைக்குள் இருப்பது, வெளியே இருப்பது, தடையின்றித் திரவமாக நிற்பது என மூன்றாகப் பிரிக்கிறது. இழைகளின் அடர்த்தி ஒரு எண்ணாகவும் அவை திசைசிதறிக் கிடக்கும் அளவு இன்னொரு எண்ணாகவும் கிடைக்கின்றன. பள்ளி வயதுப் பிள்ளைகளில் அடர்த்தி வயதோடு தெளிவாக உயர்கிறது, சிதறல் அவ்வளவாக மாறுவதில்லை. எஃப்ஏ மட்டும் கையில் இருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

அதற்கு விலை உண்டு. குறைந்தது இரண்டு பி மதிப்புகளில் படமெடுக்க வேண்டும் (நீரின் நகர்வைப் படம் எவ்வளவு கூர்மையாக உணர்கிறது என்பதைக் குறிக்கும் எண்தான் பி மதிப்பு). உயர்ந்த பி மதிப்பில் சமிக்ஞை மெலிந்து இரைச்சல் மேலோங்கும், நேரமும் நீளும். அதைவிடப் பெரிய குறை மாதிரிக்குள்ளேயே இருக்கிறது. இழைநெடுகிலான நீரின் பரவல் வேகத்தை நோடி ஒரே எண்ணாக முன்கூட்டி நிர்ணயித்துக்கொள்கிறது. அந்த எண் வளர்ந்தவர்களின் மூளையை மனத்தில் கொண்டு வைத்தது. நீர் மிகுந்த பச்சிளம் மூளைக்கு அதையே பூட்டினால் வரும் 'அடர்த்தி' எவ்வளவு தூரம் உண்மை? மையலினை அளந்துவிட்டதாகவும் எண்ண வேண்டாம். மையலின் அடுக்குகளுக்கிடையே சிக்கிய நீரின் சமிக்ஞை, டிஃப்யூஷன் படம் பதிவாகும் முன்பே பெரும்பாலும் மங்கிவிடுகிறது. மையலினுக்கு வேறு எம்ஆர்ஐ முறைகள் இருக்கின்றன.

அசைவு இரண்டு முறைகளையும் கெடுக்கிறது. சிறிய பிள்ளை அதிகம் அசையும், பெரிய பிள்ளை குறைவாக அசையும். அதனால் அசைவின் பிழையே வயதின் விளைவாக வேடமிட்டு வரலாம். அசைவின் அளவைச் சொல்லாத வளர்ச்சி வரைபடத்தை, எந்த மாதிரியில் வரைந்திருந்தாலும், நான் நம்பமாட்டேன்.

என் தேர்வு இது. இரண்டு வயதுக்குக் கீழே முதன்மை முடிவுக்கு டிடிஐ. அங்கே நோடியைத் துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். பள்ளி வயதில் நோடிக்கே முன்னிடம். புதிதாகப் படமெடுப்பவர்களோ எந்த வயதானாலும் பல பி மதிப்புகளில் எடுப்பது நல்லது. அவற்றில் 1000 என்ற பி மதிப்பில் எடுத்த படங்களைப் பிரித்து டிடிஐ கணக்கிடலாம். ஒற்றை பி மதிப்பில் மட்டும் எடுத்ததிலிருந்து நோடிக்குப் போக வழியில்லை. பிரிட்டனின் டெவலப்பிங் ஹ்யூமன் கனெக்டோம் திட்டம் பச்சிளம் குழந்தைகளிடம் 400, 1000, 2600 ஆகிய பி மதிப்புகளில், பி மதிப்பு 0 ஆன படங்களையும் சேர்த்து, 300 படங்களை எடுத்தது. ஒரு பி மதிப்பை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல் பி மதிப்புகளையும் திசைகளையும் கலந்தே வரிசைப்படுத்தினார்கள். குழந்தை பாதியில் விழித்துக்கொண்டாலும் அதுவரை எடுத்தது பயன்படும்.