முட்டைக்கோஸ் பாத்தியில் கடுகு, செண்டுமல்லி, கொத்தமல்லி: எது நின்றது, எது போனது

ஓசூர் குளிருக்கு முட்டைக்கோஸ் தானாக வரும். கெடுப்பது வைரமுதுகு அந்துப்பூச்சிதான். இலையைத் திருப்பிப் பார்த்தால் கண்ணாடித்தாள் ஒட்டியதுபோல் திட்டுத் திட்டாக இருக்கும். பச்சையத்தைச் சுரண்டித் தின்றுவிட்டு மேல்தோலை மட்டும் விட்டுவைத்திருக்கும். சின்னப் பச்சைப் புழு. விரலால் தொட்டால் நெளிந்து துள்ளி, நூலில் தொங்கும். மருந்துக்கு மசியாததில் பேர்போனது: டி.டி.டி.க்கே 1953-ல் ஜாவாவில் பழகிக்கொண்டதாம்.

அதனால்தான் சில வருடமாகத் துணைப்பயிர் வைக்கிறேன். கடுகை மட்டும் எந்தப் போகத்திலும் விடுவதில்லை. தாய் அந்துப்பூச்சி கோஸைவிடக் கடுகில் முட்டையிட விரும்பும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு, 25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு. ஒரு வரிசையை நடவுக்கு 15 நாள் முன்பும் மற்றதை நட்ட 25 நாள் கழித்தும் விதைக்க வேண்டும். வீட்டுப் பாத்தியில் 25 வரிசைக்கு எங்கே போவது? நான் பாத்தியைச் சுற்றித் தூவிவிடுவேன். அஞ்சறைப்பெட்டிக் கடுகே முளைக்கும். ஆனால் இரண்டாவது விதைப்பைத் தவறவிடக் கூடாது. முதல் கடுகு பூத்து முற்றும் நேரத்தில்தான் கோஸ் உருண்டை கட்டும், பூச்சி நேராக அங்கே தாவும்.

விதைத்ததோடு வேலை முடியாது. கடுகைக் கவனிக்காவிட்டால் நாமே புழு வளர்த்த கதைதான். வாரம் ஒருமுறை புழு விழுந்த இலைகளைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுவேன். அதிகமானால் லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டை இடித்து ஊறவைத்து, வடிகட்டி, சாயங்காலம் தெளிப்பேன். கடுகில் சாறு உறிஞ்சும் அசுவினியும் மொய்க்கும். பயப்பட வேண்டாம், பின்னாலேயே அதைத் தின்னப் பொறிவண்டு வந்துவிடும்.

எல்லோரும் சிபாரிசு செய்யும் செண்டுமல்லி? தக்காளிப் பாத்தியில் நல்ல துணை, வேர் நூற்புழுவுக்கும் உதவும். கோஸ் புழு அதன் வாசனைக்கு ஓடியதாக எனக்குத் தெரியவில்லை. இங்கிலாந்தில் ஃபிஞ்ச், காலியர் என்ற இரு ஆய்வாளர்கள் துணைப்பயிர் இருந்தால் பூச்சி குறைவதற்கு வேறு காரணம் சொல்கிறார்கள்: பூச்சியைக் குழப்புவது வாசனை இல்லை, சுற்றிலும் இருக்கும் பச்சை இலைகள்தான், எதன்மேல் இறங்குவதென்று தெரியாமல் தடுமாறுமாம். அப்படியென்றால் கொத்தமல்லியே போதுமே! சமையலுக்கும் ஆச்சு. கொஞ்சத்தைப் பூக்க விட்டால் புழுவுக்குள் முட்டையிடும் குட்டிக் குளவிகள் தேன் தேடி வருகின்றன.

தக்காளியை ஊடே நட்டதில் நிழல் விழுந்த பக்கம் கோஸ் சிறுத்தது, அப்புறம் வைக்கவில்லை. முள்ளங்கி, நூல்கோல், காலிஃபிளவர் பக்கத்தில் வேண்டாம், அத்தனைக்கும் இதே பூச்சிதான்.

நீலகிரிக்காரர்கள் கவனிக்க: வேர் குண்டு குண்டாக வீங்கும் கிளப் ரூட் நோய் உள்ள மண்ணில் கடுகு போடாதீர்கள். அதுவும் கோஸ் குடும்பம்தான், நோயை அடுத்த போகத்துக்கும் பெருக்கி வைக்கும்.