கிரயோலா ‘கலர்ஸ் ஆஃப் தி வேர்ல்ட்’: ஒன்றாம் வகுப்பு டீச்சரின் விமர்சனம்

ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள் நான். அமெரிக்கக் கிரேயான் நிறுவனமான கிரயோலாவின் ‘கலர்ஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ 24 நிறக் கிரேயான் பெட்டி என் வகுப்பில் நன்றாகவே தேய்ந்துவிட்டது, எனவே அதைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஆனால் இதை எதற்காக வாங்குகிறோம் என்பதில் பள்ளிகளுக்குக் குழப்பம் இருக்கிறது. அதையும் சேர்த்துப் பேசாமல் இந்தப் பொருளுக்கு விமர்சனம் எழுத முடியாது.

பெட்டிக்குள் இருக்கும் 24 கிரேயான்களும் மனிதத் தோலின் நிறங்கள். சிவப்பு, பச்சை, நீலம் எதுவும் கிடையாது. 2020 மே மாதம் இதை அறிவித்தார்கள். முகப்பூச்சு நிறங்கள் தயாரிப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவரான விக்டர் கசாலே என்ற வேதியியலாளரோடு சேர்ந்து நிறங்களை உருவாக்கினார்கள். அவர் மேக் அழகுசாதன நிறுவனத்தில் தலைமை வேதியியலாளராக இருந்தவர். அந்தக் கைப்பழக்கம் பெட்டியில் தெரிகிறது. சாதாரணப் பெட்டியில் பழுப்பு ஒன்று, வெளிர் ஆரஞ்சு மாதிரி ஒன்று, அவ்வளவுதான். இங்கே வெளிரில் தொடங்கி அடரில் முடியும் ஒற்றை வரிசை இல்லை. ரோஜாச் சாயல், பொன் சாயல், பாதாம் சாயல் என்று மூன்று குடும்பங்கள், ஒவ்வொன்றிலும் வெளிரிலிருந்து அடர்வரை. ஒரே அளவு கறுப்பான இரண்டு பிள்ளைகள் கையை அருகருகே வைத்தால் ஒரு கையில் செம்மை தெரியும், இன்னொன்றில் மஞ்சள் தெரியும். அந்த வித்தியாசம் இதில் அகப்படுகிறது. பெட்டியின் பக்கவாட்டில் நிறங்களை வரிசையாக அச்சிட்டிருக்கிறார்கள். கையை அதன்மேல் வைத்துத் தன் நிறம் எதுவென்று தேடலாம். என் வகுப்பில் கிரேயான்களைவிட அந்த அட்டைக்குத்தான் கிராக்கி.

சரி, பள்ளிக்கூட விஷயத்துக்கு வருகிறேன். இந்த வயதில் கண்ணில் பட்டது அப்படியே வாயில் வந்துவிடும். “மிஸ், இவ கையே கழுவ மாட்டாளா?” “நீ வெயில்ல ரொம்ப நேரம் நின்னியா?” “உன் உள்ளங்கை மட்டும் ஏன் வேற கலரா இருக்கு?” ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனின் முழங்கையை ஈரத் துணியால் தேய்த்தே பார்த்துவிட்டான். மேசைமேல் சிந்திய பெயின்ட் துடைத்தால் போகிறது, இது ஏன் போகவில்லை என்று ஆராய்ச்சி. கெட்ட எண்ணம் துளியும் இல்லை.

இதற்குப் பெரியவர்கள் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று, “ஷ்ஷ், அப்படியெல்லாம் பேசக் கூடாது” என்று அடக்குவது. கேட்ட பிள்ளைக்குப் பதில் கிடைக்காது. ஆனால் ஒரு செய்தி மட்டும் கிடைத்துவிடும்: பக்கத்தில் இருப்பவளின் நிறத்தில் ஏதோ பேசக் கூடாத சமாச்சாரம் இருக்கிறது. கையைப் பார்க்கக் கொடுத்த பிள்ளைக்கும் அதே செய்திதான் போய்ச் சேரும்.

அடக்குவதன் விளைவை அமெரிக்காவில் 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அழகாகக் காட்டியது. பிள்ளைகளிடம் நிறைய முகப் படங்களைக் கொடுத்து, ஒளித்து வைத்த ஒரு முகம் எது என்று ஆம், இல்லை கேள்விகளால் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கேள்வி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 10, 11 வயதுக்காரர்கள் 8, 9 வயதுக்காரர்களைவிடக் கெட்டிக்காரர்களாக இருந்திருக்க வேண்டும். ஆனால் படங்களில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் கலந்திருந்தபோது பெரிய பிள்ளைகள்தான் தடுமாறினார்கள். பாதிப் படங்களை ஒரேயடியாகத் தள்ளிவிட உதவும் ‘கறுப்பரா, வெள்ளையரா’ என்ற கேள்வியைக் கேட்கவே கூசினார்கள். யாரோ அவர்களுக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், கேட்காதே என்று.

இன்னொரு வழி, படிவம். எனக்குப் பழக்கமான ஒரு பள்ளியில் இப்படிப்பட்ட பேச்சு காதில் விழுந்தால் உடனே நிரப்ப வேண்டிய தாள் ஒன்று உண்டு. ‘செய்தவர்’ என்று ஒரு கட்டம், ‘பாதிக்கப்பட்டவர்’ என்று ஒரு கட்டம். முன்பல் விழுந்து ‘ச’வைச் சரியாகச் சொல்ல வராத ஒரு குழந்தையின் பெயர் முதல் கட்டத்தில் ஏறுவதைப் பார்த்தால் சிரிப்பு வராது. பெற்றோருக்குக் கடிதம் போகும், பெற்றோர் பதறிக்கொண்டு வருவார்கள். வீட்டில் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று எந்தக் கட்டத்திலும் எழுத மாட்டார்கள்.

பதிவு செய்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. அது சும்மா வந்த வழக்கமும் இல்லை. இங்கிலாந்தில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் 1993-இல் இனவெறியால் கொல்லப்பட்டார். அதை ஆராய்ந்த மேக்பர்சன் அறிக்கை 1999-இல் வந்தபோது, பள்ளிகள் இனவெறிச் சம்பவங்கள் அனைத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்றது. பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ ஒரு சம்பவத்தை இனவெறி என்று கருதினால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் வரையறுத்தது. புகார்களை மூடி மறைத்தவர்களுக்காகப் போட்ட பூட்டு அது. பன்னிரண்டு வயதுப் பையன் வேண்டுமென்றே ஒரு வசைச் சொல்லை எறிந்தால் அந்தத் தாள் கட்டாயம் வேண்டும். ஈரத் துணிப் பையனுக்கும் அதே தாள் என்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

இந்த இடத்தில்தான் கிரேயான் பெட்டி வேலை செய்கிறது. இப்படி ஒரு பேச்சு வந்த முதல் ஒரு நிமிடத்தில் டீச்சருக்குக் கை காலெல்லாம் பதறும். அந்த நேரத்தில் கையில் பிடிக்க ஒரு பொருள் இருப்பது பெரிய உதவி. முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுவேன்: “இது அழுக்கு இல்ல, கழுவினா போகாது. நம்ம எல்லார் தோல்லயும் நிறம் குடுக்கிற மெலனின்னு ஒண்ணு இருக்கு. சிலருக்கு நிறைய, சிலருக்குக் கொஞ்சம். உள்ளங்கையில எல்லாருக்குமே கொஞ்சம்தான், உன் கையைப் பாரு.” அப்புறம் பெட்டி வரும். யாரும் யாருடைய கையையும் பார்க்கத் தேவையில்லை. அவரவர் கைக்கு அவரவர் நிறத்தைத் தேட வேண்டும், என் கை உட்பட. சந்தேகம் கேட்டவனே தன் நிறம் கிடைக்காமல் இரண்டு கிரேயான்களைக் கலந்து பூசிக்கொண்டிருப்பான். வெள்ளைத் தாளை ஒட்டிப் பார்த்துவிட்டு, தானும் வெள்ளை இல்லை என்று சிலர் அதிர்ச்சி அடைவார்கள். அது பார்க்கத் தமாஷாக இருக்கும்.

பெட்டியால் ஆகாத காரியமும் உண்டு. கேட்ட பிள்ளை வெள்ளந்தியாகத்தான் கேட்டது, சரி. கேட்கப்பட்ட பிள்ளை அதை எத்தனையாவது தடவை கேட்கிறதோ! அதனால் அந்தப் பிள்ளையிடம் தனியாக, “உனக்குக் கஷ்டமா இருந்துச்சா?” என்று ஒரு வார்த்தை கேட்காமல் கிரேயானை நீட்டினால், அதுவும் வாயை மூடுகிற வேலைதான். அதேபோல் வகுப்பில் ஒரே ஒரு கறுப்புப் பிள்ளை இருந்தால் அவளை முன்னால் நிறுத்தி, “எல்லோரும் பாருங்கள், எவ்வளவு அழகான நிறம்” என்று பாராட்டுகிற டீச்சர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். குழந்தை என்ன கண்காட்சிப் பொருளா?

இன்னொன்றும் கவனித்தேன். பேச்சு வந்த அன்று மட்டும் பெட்டியை எடுத்தால், யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்பது மொத்த வகுப்புக்கும் தெரிந்துவிடும். அதனால் இப்போது மற்ற கிரேயான்களோடு கலந்தே போட்டு வைத்திருக்கிறேன். குடும்பப் படம் வரைகிற நாளில் அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். சில பள்ளிகளில் இதைத் தலைமை ஆசிரியர் அறை அலமாரியில் முதலுதவிப் பெட்டி மாதிரி பூட்டி வைக்கிறார்கள். வீண் செலவு.

இந்த நிறுவனத்தின் பழைய கதையும் சுவாரசியமானது. வெளிர் இளஞ்சிவப்பு கலந்த ஒரு கிரேயானுக்குப் பல காலம் ‘சதை’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1962-இல் அதைப் ‘பீச்’ என்று மாற்றினார்கள். 1992-இல் பல இனத்தவரின் தோலுக்கென்று எட்டு நிறப் பெட்டி வந்தது. அதில் சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் இரண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டதால் உண்மையில் மிஞ்சியது ஆறு. எட்டிலிருந்து 24-க்கு வர இருபத்தெட்டு வருடம் பிடித்திருக்கிறது.

வரைவதற்கு எப்படி? மெழுகுக் கிரேயான் எதுவானாலும் அழுத்தம்தான் நிறத்தை முடிவு செய்யும். லேசாகத் தேய்த்தால் அடர் நிறமும் வெளிறித் தெரியும், எனவே நிறம் தேடும்போது தாளில் அழுத்திப் பூசிவிட்டுக் கையை அருகே வைக்கச் சொல்லுங்கள். பழுப்பேறிய தாளில் வெளிர் நிறங்கள் காணாமல் போய்விடும், நல்ல வெள்ளைத் தாள் வேண்டும். உறையில் நிறத்தின் பெயர் ஆங்கிலம், ஸ்பானிஷ், பிரெஞ்சு மூன்றிலும் இருக்கிறது. அதைப் படிக்கும் வயதில் என் பிள்ளைகள் இல்லை.

ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றுதான் இருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பெரிய வகுப்புக்கு ஒரு பெட்டி போதாது, நடு அடர்த்தி நிறங்களுக்குச் சண்டை வரும். வீட்டுக்கு என்றால் ஒன்றே தாராளம். தலைமுடி, கண் நிறங்களும் சேர்ந்த 32 நிறப் பெட்டியும் இருக்கிறது, முகம் வரையப் பிடித்த பிள்ளைகளுக்கு அதை வாங்குங்கள். எட்டு வயதுக்கு மேல் என்றால் இதே நிறங்களில் வரும் கலர் பென்சில் கைக்கு இன்னும் வசதி.