ஏஏசி பிளாக் சுவர்: வெயிலுக்கு வாங்கலாம், சத்தத்துக்கு வேண்டாம்

திருச்சியில் வீடு கட்டியபோது மேற்கே பார்த்த படுக்கையறைச் சுவரை மட்டும் 8 இஞ்ச் ஏஏசி பிளாக்கில் (உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) எழுப்பினோம், பக்கத்து ஹாலுக்கு வழக்கமான 9 இஞ்ச் செங்கல். கோடை முழுக்க இருந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வெயிலுக்கு அருமை. சித்திரை மாதம் ராத்திரி எட்டு மணிக்கு ஹால் சுவரில் உள்ளங்கையை வைத்தால் சுடுகிறது, நாலடி தள்ளி படுக்கையறைச் சுவரில் வைத்தால் அந்தச் சூடு இல்லை, ஏசி போட்டாலும் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. காரணம் உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. நிலக்கரிச் சாம்பல், சிமெண்ட், சுண்ணாம்பு, ஜிப்சம் கலவையில் துளி அலுமினியத் தூள் சேர்த்தால் ஹைட்ரஜன் கிளம்பி இட்லி மாவு மாதிரிப் பொங்குகிறது, அதை வெட்டி நீராவி அழுத்தத்தில் வேகவைக்கிறார்கள். செங்கல் கடத்தும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் இது கடத்தும்.

ஆனால் கடைக்காரர் "சவுண்ட் புரூஃப் சார்" என்றாரே, அது சரியில்லை. சத்தத்தைத் தடுப்பது எடை. ஒரு கன மீட்டர் பிளாக் 600 கிலோ பக்கம், செங்கல் 1,600க்கு மேல். பஸ் ஹாரன் இரண்டு அறையிலும் கேட்கிறது, படுக்கையறையில் ஒரு பொட்டு கூடவே. தெர்மோகோல் ஒட்டினாலும் இதே கதைதான், அதுவும் காற்று நிறைந்த லேசான பொருள். சத்தம்தான் உங்கள் பிரச்சினை என்றால் முதலில் ஜன்னல் இடுக்கை அடையுங்கள், அப்புறம் சுவருக்கு உள்பக்கம் ஃபிரேம் அடித்து ராக்வுல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) வைத்து ஜிப்சம் போர்டு போடுங்கள். செலவுதான், ஆனால் வேலை செய்யும்.

வேலை நடக்கும்போது கொத்தனார் பக்கத்திலேயே நில்லுங்கள். கான்கிரீட் தூணும் பிளாக்கும் சேரும் இடத்தில் கம்பி வலை அடிக்காமல் பூசினால் நேர்கோடாக விரிசல் விழும், எங்களுக்கு ஒரு மூலையில் விழுந்தே விட்டது. லாரியில் இறக்கும்போது முனை உடைந்த கற்களையும் மாற்றித் தரவில்லை, இறக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கீசர் மாட்ட, ஸ்க்ரூவுக்காகச் சுவரில் அடிக்கும் சாதாரண பிளக் நிற்காது, பிளாக்குக்கென்றே விற்கும் ஆங்கர் வாங்க வேண்டும்.

மேல்மாடி வீடு என்றால் பாதிச் சூடு தளத்திலிருந்துதான் இறங்கும், சுவருக்குச் செலவழிக்கும் முன் மொட்டை மாடிக்கு வெள்ளை கூலிங் டைல்ஸ் போட்டுவிடுங்கள்.